செஞ்சி ராஜகிரிப் பீரங்கி யாருடையது?

செஞ்சிக்கோட்டையில் எதைக் காட்டினாலும் "தேசிங்கு ராஜாவுடையது" என்று சொல்லிவிடுவது நம் பக்கத்து வழக்கம். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ராஜகிரி உச்சியில் கிடக்கும் பெரிய பீரங்கியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுகிறோம். ஆனால் பீரங்கிக்கும் ஜாதகம் உண்டு. அது அதன் உடம்பிலேயே எழுதியிருக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது, செய்த விதம். நம் நாட்டுக் கொல்லர்கள் இரும்புப் பட்டைகளை நீளவாக்கில் அடுக்கி, மேலே பழுக்கக் காய்ச்சிய வளையங்களை மாட்டி, அடித்து ஒன்றாக்குவார்கள். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் இருக்கும் நாயக்கர் காலத்துப் பீரங்கி அப்படிச் செய்ததுதான். நீளம் சுமார் 25 அடி. வளையங்களை இன்றும் எண்ணலாம். ஐரோப்பியர்களோ இரும்பை உருக்கி அச்சில் வார்த்தார்கள். அதில் ஒட்டு இருக்காது.

அடுத்தது முத்திரை. கிரீடமும் அம்புக்குறியும் இருந்தால் இங்கிலாந்து அரசாங்கத்துடையது. வி.ஓ.சி. என்ற எழுத்துகள் பின்னிக்கிடந்தால் டச்சுக் கம்பெனியுடையது (நம் கப்பலோட்டிய தமிழரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!). லில்லிப் பூ இருந்தால் பிரெஞ்சு மன்னருடையது.

மூன்றாவது, எடை. ராஜகிரிப் பீரங்கியின் பின்புறத்தில் 7560 என்ற எண் பொறித்திருப்பதைப் பழைய தென்னாற்காடு கெஜட்டியரே குறித்து வைத்திருக்கிறது. இது ஆண்டாக இருக்க முடியாது. எடை என்று கொண்டால் கணக்குப் பொருந்துகிறது. ஆங்கிலேயர் எடையை ஹண்டர்வெயிட், குவார்ட்டர், பவுண்டு என்று மூன்றாகப் பிரித்துப் பொறிப்பார்கள். ஒரு ஹண்டர்வெயிட் 112 பவுண்டு. அவர்கள் முறைப்படி 7560 பவுண்டை 67-2-0 என்றுதான் போட்டிருக்க வேண்டும். ஒரே எண்ணாகப் பவுண்டில் எழுதுவது டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர் பழக்கம். அவர்கள் பவுண்டு சற்றுப் பெரியது. அதன்படி எடை சுமார் 3,700 கிலோ வரும்.

இப்போது சரித்திரத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். தேசிங்கு 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு மாண்டார். 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்து, காவற்படையும் பீரங்கிகளும் வைத்துப் பலப்படுத்தியது. 1761 ஏப்ரலில் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் கோட்டை சரணடையும்வரை செஞ்சி அவர்கள் கையில்தான் இருந்தது. இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் மனம் பிரெஞ்சுக்காரர் பக்கமே சாய்கிறது.

ஆனாலும் ஒன்றை மறக்கக்கூடாது. வார்த்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், பிடுங்கியவர் ஒருவர், சுட்டவர் ஒருவராக இருக்கலாம். செஞ்சிக்கும் ஐரோப்பியப் பீரங்கிக்கும் பிரெஞ்சுக்காரருக்கு முன்பே உறவு உண்டு. 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் ராஜாராம், தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயருக்கு விற்றபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம்தான் எல்லை. கடலூர் பக்கத்துக் குண்டு உப்பலவாடி என்ற பெயர் அந்தக் கதையைத்தான் இன்றும் சொல்கிறது.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி கூட்டம் கூடும். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து படம் எடுக்காதீர்கள். கல்லால் கீறிப் பெயர் எழுத விடாதீர்கள். இருநூறு, முந்நூறு வருஷத்து மழையும் வெயிலும் தின்றது போக மிச்சம் இருப்பது நாலே நாலு எண்கள். அவையும் தேய்ந்துவிட்டால் அப்புறம் அது வெறும் பழைய இரும்பு. யாருடையது என்று யார் எதைச் சொன்னாலும் நாம் தலையாட்ட வேண்டியதுதான்.