மாத்தளை மாவட்டத்தில் அனர்த்தத் தொண்டர் பணி

மாத்தளை மாவட்டத்தில் அனர்த்தத் தொண்டர் பணி என்பது மண்சரிவு, திடீர் வெள்ளம், வறட்சி, காட்டுத்தீ ஆகியவற்றை முன்கூட்டியே கவனித்து அயலவரை எச்சரிப்பதிலும், அனர்த்தம் நேர்ந்தபின் மீட்பிலும் நிவாரணத்திலும் பொதுமக்கள் ஊதியமின்றி ஈடுபடுவதைக் குறிக்கும். கிராமிய அனர்த்த முகாமைத்துவக் குழுக்கள், இலங்கைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் மாவட்டக் கிளை, சமய நிலையங்களைச் சார்ந்த சபைகள், இளைஞர் கழகங்கள் ஆகியவற்றின் வழியாக இப்பணி நடைபெறுகிறது.

நிலமும் இடரும்

இலங்கையின் மத்திய மாகாணத்தைச் சேர்ந்த இம்மாவட்டம் 1,993 சதுர கிலோமீற்றர் பரப்பும் 11 பிரதேச செயலாளர் பிரிவுகளும் கொண்டது. நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டிய இரத்தோட்டை, உக்குவளை, அம்பன்கங்கை கோறளை, லக்கல–பல்லேகம பிரிவுகளில் செங்குத்தான சரிவுகளிலேயே குடியிருப்புகளும் தேயிலை, மிளகு, ஏலக்காய்த் தோட்டங்களும் அமைந்துள்ளன. வடக்கே தம்புள்ளை, கலேவெல பகுதிகள் உலர் வலயத்தைச் சேர்ந்தவை. அங்கே தொண்டரின் வேலை பெரும்பாலும் வறட்சிக் காலத்தில் குடிநீர் விநியோகத்துக்கு உதவுவது. நக்கிள்ஸின் பத்தனைப் புல்வெளிகளில் வறண்ட மாதங்களில் தீப்பிடிப்பதும் உண்டு.

மலைப்பகுதிக்கு ஆபத்தான காலம் ஒக்டோபர் முதல் ஜனவரி வரை. வடகீழ்ப் பருவமழை நக்கிள்ஸின் கிழக்குச் சரிவுகளில் கொட்டுவது அப்போதுதான். 2012 டிசம்பர் மழையில் நாட்டிலேயே கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் மாத்தளையும் ஒன்று. மண்சரிவுகளில் உயிர்கள் பலியாயின.

சட்டமும் அமைப்பும்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. அதன்படி ஜனாதிபதி தலைமையில் தேசிய சபையும், அதன்கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் உருவாயின. நிலையத்தின் மாவட்ட ஒருங்கிணைப்புப் பிரிவு மாவட்டச் செயலகத்துடன் இணைந்து இயங்குகிறது. அவசர அழைப்புக்கான இலக்கம் 117. ஆண்டுதோறும் டிசம்பர் 26 தேசிய பாதுகாப்பு தினமாக அனுஷ்டிக்கப்படுகிறது.

இந்த ஏணியின் அடிப்படியில் இருப்பது கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்திலான குழு. முன்னெச்சரிக்கை, முதலுதவி, தேடுதலும் மீட்பும், முகாம் பராமரிப்பு என உபகுழுக்களாக வேலை பிரிக்கப்படும். ஊரின் இடர் வரைபடம், பாதுகாப்பான இடத்துக்குப் போகும் வழி, நடக்க முடியாத முதியவர், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ள வீடுகளின் பட்டியல் ஆகியவை குழுவின் கையில் இருக்க வேண்டியவை. ஒத்திகையின்போது இந்தப் பட்டியலை வைத்தே யாரை யார் தூக்கிவருவது என்று தீர்மானிப்பார்கள்.

மழைமானியும் வெளியேற்றமும்

1984இல் தொடங்கப்பட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமே மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து எச்சரிக்கைகளை விடுக்கிறது. எச்சரிக்கை மூன்று படிகள் கொண்டது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருக்க வேண்டும். 100 தாண்டினால் செம்மஞ்சள்: புறப்படத் தயாராக வேண்டும். 150 தாண்டினாலோ, ஒரு மணி நேரத்துக்குள் 75 பெய்தாலோ சிவப்பு: வெளியேற வேண்டும்.

மலைநாட்டில் ஒரு பள்ளத்தாக்கில் தூறலும் அடுத்ததில் அடைமழையும் பெய்வது வழமை. எனவே கிராமங்களில் எளிய மழைமானிகள் வைக்கப்பட்டு, அளவெடுக்கும் பொறுப்பு ஊரவர் ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது. கன மழையில் நடுச்சாமத்திலும் டோர்ச் வெளிச்சத்தில் அளவைப் பார்த்துக் குறித்து, கிராம உத்தியோகத்தருக்கு அழைத்துச் சொல்வது அவர் வேலை. பின்னர் கோவில், விகாரை, பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் வழியாகவும் வீடுவீடாகவும் செய்தி போகும். சுவரிலோ நிலத்திலோ புதிதாக வெடிப்பு, மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல், ஊற்றுநீர் திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல் ஆகியவை கண்ணில் பட்டால், மழைமானியின் அளவுக்குக் காத்திராமல் நகர்ந்துவிட வேண்டும் என்பதே தொண்டர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

தோட்டப்புறம்

பெருந்தோட்டங்களின் லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் மலையகத் தமிழரிடையே இப்பணிக்குத் தனித் தடைகள் உள்ளன. லயமும் அது நிற்கும் நிலமும் குடியிருப்போருக்குச் சொந்தமல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தால் தோட்டக் குடியிருப்புகளில் சபைகள் பணம் செலவிட முடியாதிருந்தது. 2018இல் வந்த திருத்தமே அதற்கு வழிவிட்டது. மறுபுறம், தோட்டத்தில் ஆட்களைத் திரட்டும் பழக்கம் புதிதல்ல. தோட்டத் தலைவர்மார், கோவில் கமிட்டி, மாதர் சங்கம் ஆகியோர் ஒரு சொல்லில் லயத்தையே கூட்டிவிடுவார்கள். பாடசாலை, கோவில் மண்டபம், பிள்ளை மடுவம் (குழந்தைக் காப்பகம்) ஆகியவை தற்காலிகத் தங்குமிடங்களாகின்றன.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29இல் நேர்ந்த மண்சரிவு தோட்டப்புறம் முழுவதற்கும் பாடமாயிற்று. அங்கு ஆபத்து உண்டு என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தும், குடியேற மாற்றுக் காணியும் வீடும் கிடைக்காததால் மக்கள் லயங்களிலேயே தங்கியிருந்தனர்.

டித்வா புயல், 2025

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் இந்த ஏற்பாடுகள் அனைத்தையும் சோதித்தது. மாத்தளை மாவட்டத்தின் கம்மடுவையில் 24 மணி நேரத்தில் 500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பதிவானது. சிவப்பு எச்சரிக்கை அளவைப்போல் இது மூன்று மடங்குக்கும் அதிகம். நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீதிகளும் மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்ட மலையூர்களில் முதலில் மண்வெட்டியுடன் வந்தவர்கள் அயலவர்களே. சமைத்த உணவும் உலருணவும் திரட்டி அனுப்பும் பணியில் நாடு முழுவதும் தன்னார்வலர்கள் இறங்கினர். எச்சரிக்கைகள் தமிழில் உரிய நேரத்தில் வரவில்லை என்ற விமர்சனமும் அப்போது வலுவாக எழுந்தது.

மதிப்பீடு

அயலவரைத் தட்டியெழுப்பி மேட்டுக்கு அழைத்துச் செல்வது தொண்டரால் முடிந்த காரியம். பாதுகாப்பான காணி, உறுதியான வீடு, தாய்மொழியில் எச்சரிக்கை ஆகியவை அவரால் தர முடியாதவை. அவை அரசினதும் தோட்ட நிர்வாகங்களினதும் கடமை.