பதினைந்து வருட டைமர்



மலர்க்குழுவினர் என்னிடம் "டெக்னிக்கலாக ஏதாவது எழுதுங்க" என்றார்கள். நான் எடுத்துக்கொண்டதோ மொழிச் சண்டை. காரணம் உண்டு. நாலு வருஷம் ஒரே மெஸ்ஸில் சாப்பிட்ட எங்கள் பேட்ச் நண்பர்கள் இருவர், அரசியல் பேசிப் பேசியே இன்று முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நடுவழி என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து! இருந்திருக்கிறது, நம் நாட்டிலேயே, இரண்டு தடவை.

முதலாவது 1949-இல். இந்தியை உடனே ஆட்சிமொழியாக்க வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் ஒரு பக்கம் பிடிவாதம். இந்தி இந்தியா வேண்டுமா, முழு இந்தியா வேண்டுமா என்று டி.டி.கிருஷ்ணமாச்சாரி முந்தைய ஆண்டே எச்சரித்திருந்தார். வேடிக்கை என்னவென்றால், மிகக் கடுமையான இழுபறி எண்களுக்காக நடந்தது. 1, 2, 3 என்று எழுதுவதா, தேவநாகரியில் எழுதுவதா? கே.எம்.முன்ஷியும் கோபாலசாமி அய்யங்காரும் ஒரு சமரசம் செய்தார்கள்: தேவநாகரி எழுத்தில் இந்தி, சர்வதேச வடிவில் எண்கள், 15 ஆண்டுகளுக்கு ஆங்கிலம் தொடரும். செப்டம்பர் 14 அன்று சபை அதை ஏற்றது.

இன்ஜினியர் கண்ணுக்கு இது தீர்வல்ல, டைமர். 1965 ஜனவரி 26-க்கு செட் பண்ணி வைத்துவிட்டார்கள்.

இடையில் 1959-இல், இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு மக்களவையில் வாக்களித்தார். நல்ல வாக்குதான். ஆனால் 1963 சட்டத்தில் ஆங்கிலம் 'தொடரலாம்' என்றுதான் இருந்தது. 'தொடர வேண்டும்' என்று போடுங்கள் என்று மாநிலங்களவையில் அண்ணா வாதாடினார், நடக்கவில்லை. 1964 மே மாதம் நேரு மறைந்தார். அப்புறம் அந்த வாக்குக்கு யார் ஜாமீன்?

டைமர் வெடித்தது. 1965 ஜனவரி 27-இல் சிதம்பரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் உயிரிழந்தார். நம்மைப் போல ஒரு ஹாஸ்டல் வயசுப் பையன். பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்துகொண்டு அவர்கள் இதைச் செய்ததை நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் பிறகே பிரதமர் சாஸ்திரி வானொலியில் நேருவின் வாக்கை உறுதி செய்தார்.

இரண்டாவது நடுவழி 1967-இல் வந்த சட்டத்திருத்தம். இதில் தேதியே கிடையாது, நிபந்தனைதான். இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் போதும் என்று தீர்மானம் போட வேண்டும். அதன்பின் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போட வேண்டும். அதுவரை ஆங்கிலம் போகாது. ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட சின்னஞ்சிறு நாகாலாந்து ஒன்று மறுத்தாலே போதும். லிஃப்டில் கதவு மூடாமல் வண்டி நகராதே, அந்த இன்டர்லாக் மாதிரி. சிறுபான்மைப் பக்கத்தின் கையில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

யாருக்கும் திருப்தி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். வடக்கே ஆங்கில எதிர்ப்புக் கிளர்ச்சி. கூடவே வந்த மொழித் தீர்மானத்தை எதிர்த்து இங்கே மாணவர்கள் மறுபடியும் தெருவுக்கு வந்தார்கள். 1968 ஜனவரியில் நம் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை நிறைவேற்றியது. மொழிச் சண்டை ஓய்ந்துவிடவில்லை. ஆனாலும் அந்த இன்டர்லாக்கை இதுவரை யாரும் கழற்றவில்லை.

எண் விவகாரத்துக்கு மட்டும் அப்படி ஒரு பூட்டு அமையவில்லை. 2016-இல் வந்த புது 2000 ரூபாய் நோட்டில் தேவநாகரி எண்ணும் அச்சாக, உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் வழக்குப் போட்டார்கள். அந்த நோட்டை ரிசர்வ் வங்கி 2023-இல் திரும்பப் பெறத் தொடங்கியது. இப்போதைய 500 ரூபாய் நோட்டிலும் அந்த எண் இருக்கிறது. பர்சைத் திறந்து பாருங்கள்.