மட்டாஞ்சேரியின் பரதேசிப் பள்ளி

'பரதேசி' என்ற சொல் தமிழில் வசையாகத் தேய்ந்துபோய் நெடுங்காலம் ஆகிறது. பிற தேசத்தான் என்னும் நேர்ப்பொருள் பின்னே தள்ளப்பட்டு, வீடுவாசல் அற்றவன், இரந்துண்பவன் என்ற பொருளே நம் தெருக்களில் நிலைத்துவிட்டது. அதே சொல், மேற்கே கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் வழிபாட்டிடம் ஒன்றின் பெயராக நானூற்றைம்பது ஆண்டுகளாகத் தலைநிமிர்ந்து நிற்கிறது. அங்குள்ள யூதர்கள் தம் வழிபாட்டிடத்தைப் 'பள்ளி' என்றே வழங்கினர். சமணப் பள்ளி, பௌத்தப் பள்ளி, பள்ளிவாசல், பள்ளிக்கூடம் என்று நம் மொழியில் பல வாசல்கள் கொண்ட அச்சொல்லுக்கு இதுவும் ஒரு வாசல்.

பரதேசிப் பள்ளி 1568இல் எழுப்பப்பட்டது. 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டவர்களின் வழிவந்தோரும், மேற்காசிய நகரங்களிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்தோரும் சேர்ந்து அமைத்த பள்ளி இது. கொச்சி அரசர் தம் அரண்மனையை ஒட்டியே இடம் கொடுத்தார். அரண்மனைக் கோயிலும் யூதப் பள்ளியும் இன்றும் அருகருகே நிற்கின்றன. ஆனால் அவர்கள் வருமுன்பே அக்கரையில் யூதர்கள் வேரூன்றி இருந்தனர். மலபாரி யூதர் எனப்படும் அந்தப் பழங்குடிகளிடமிருந்து பிரித்துக் காட்டவே புதியவர்களுக்குப் 'பரதேசி' என்ற பெயர் ஏற்பட்டது.

பழங்குடிகளின் தொன்மைக்குச் சான்று, இப்பள்ளியில் காக்கப்பட்டுவரும் இரண்டு செப்பேடுகள். தமிழ் இலக்கியம் பயின்ற நமக்கு அவை வேற்றார் ஆவணம் அல்ல. கி.பி. 1000 வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவி, முயிரிக்கோட்டில் இருந்தபோது, ஜோசப் ரப்பான் என்னும் யூதத் தலைவருக்கு அளித்த உரிமைச் சாசனம் அது. சங்கப் பாடல்கள் பேசும் முசிறியை ஒட்டிய ஊரே முயிரிக்கோடு என்பர். எழுத்து வட்டெழுத்து. மொழியோ, மலையாளம் தனிமொழியாக நிலைபெறுமுன் மேற்குக்கரையில் வழங்கியது. கேரள அறிஞர் அதைப் பழைய மலையாளம் என்பர், நம் மாணவர்கள் அதைப் பெரும்பாலும் உரையின்றியே படித்துவிடுவர். சாசனத்தில் ரப்பானின் பெயர் 'இசுப்பு இரப்பான்' என்று வருகிறது. எபிரேயப் பெயர் ஒன்று நம் எழுத்தில் பூண்ட கோலம் அது.

அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவும் எழுபத்திரண்டு உரிமைகளும் அவருக்கு வழங்கப்படுகின்றன. சுங்க விலக்கு ஒருபுறமிருக்க, பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, பறை, காளம், தோரணம் என்று நீளும் பட்டியலைக் கவனிக்க வேண்டும். பாவாடை என்பது நடந்து வருவோர்முன் நிலத்தில் விரிக்கும் துணி, அந்தோளகம், பல்லக்கு. உள்ளூர்த் தலைவர்க்குரிய மரியாதைகள் கடல்கடந்து வந்த ஒருவருக்கு வழங்கப்பட்டன. தஞ்சையில் முதலாம் ராஜராஜன் ஆண்ட காலமும் அதுவே. சோழர் பெயரொன்றைத் தாங்கிய மதுராந்தகத்தில் இருந்துகொண்டு கல்வெட்டு நடையைக் கற்பிக்கும் நாம், கீழ்க்கரைச் சாசனங்களோடு இதையும் சேர்த்துப் படிப்பதே முறை. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளிலும் அஞ்சுவண்ணத்தார் வருகின்றனர் என்பது இவ்விரு கரைகளும் ஒரே வணிக வலையில் இருந்ததைக் காட்டும்.

பள்ளியின் வரலாறு அமைதியாகவே கழியவில்லை. 1662இல் டச்சுக்காரர் கொச்சியை முற்றுகையிட்டுப் பின்வாங்கினர். அவர்களுக்கு யூதர் துணைநின்றனர் என்று சினந்த போர்ச்சுகீசியர் பள்ளிக்குத் தீயிட்டனர். அடுத்த ஆண்டே டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்ற, பள்ளி மீண்டும் செப்பம் செய்யப்பட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து கிடக்கும் கோட்டையைக் கட்டிய அதே டச்சுக் கம்பெனிதான் இது. கொச்சியில் அக்கம்பெனியின் தலைமை வணிகராக விளங்கிய எசேக்கியல் ரஹாபி 1760இல் பள்ளிக்கு மணிக்கூண்டு எழுப்பினார். தரையில் பதித்த நீலவெள்ளைச் சீன ஓடுகளும் அந்த நூற்றாண்டுக்குரியவை. கையால் தீட்டப்பட்டவை அவை.

பழக்கவழக்கங்களில் மண்ணின் மணம் இன்னும் கூடுதல். செருப்பைக் கழற்றிவிட்டே உள்ளே செல்வர். தோரா வாசிப்பு ஓராண்டு சுற்று நிறைவுறும் சிம்ஹத் தோராத் திருநாளில் திருச்சுருள்களை ஏந்திப் பள்ளிக்கு வெளியேயும் வலம் வருவர். பிற நாட்டு யூதரிடையே காணற்கரிய இவ்வழக்கத்தைப் பார்ப்பவர்க்கு நம் ஊர்த் திருவுலா நினைவுக்கு வராமல் இராது.

மண்ணின் மணத்தோடு மண்ணின் மாசும் உள்ளே புகுந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்று யூத நெறி ஏற்றவர்களையும் அவர்தம் வழித்தோன்றல்களையும் 'மெஷுஹ்ராரிம்' என்றனர். விடுவிக்கப்பட்டோர் என்பது பொருள். பெயரில் இருந்த விடுதலை பள்ளிக்குள் இல்லை. அவர்கள் உள்மண்டபத்து இருக்கைகளில் அமரலாகாது; முன்கூடத்துத் தரையில்தான் இடம். திருச்சுருளை வாசிக்கும் உரிமை மறுக்கப்பட்டது. இடுகாடும் வேறு. ஐரோப்பாவில் ஒதுக்கப்பட்டு ஓடிவந்தோரின் பள்ளியிலேயே ஒதுக்கல் ஒரு சடங்காயிற்று. நந்தனைக் கோயிலுக்கு வெளியே நிறுத்திய வரலாறுடைய நாம் இதைக் கேட்டு வியப்பதற்கு ஒன்றுமில்லை, வெட்கப்படலாம்.

அவ்வகுப்பில் 1882இல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். பெயரைக் கண்டு சேலத்துக்காரர் என்று எண்ண வேண்டா, மட்டாஞ்சேரிக்காரர். சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டமன்றத்தில் உறுப்பினராய் இருந்தார். காந்தியின் சத்தியாகிரக முறையைத் தம் சொந்தப் பள்ளிக்குள் கொண்டுசென்றார். இருக்கை மறுக்கப்பட்ட மண்டபத்தில் அமர்ந்தார். வேறுபாட்டைக் கண்டித்துப் பேசினார். தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 'யூத காந்தி' என்று அவரை அழைப்பர். 1967இல் மறைந்தார்.

மற்றொருவர் ரூபி டேனியல், 1912இல் பிறந்தவர். அவரும் அவ்வகுப்பினரே. கொச்சி யூதப் பெண்களிடையே மலையாளப் பாடல்களின் பெருமரபு ஒன்று இருந்தது. திருமணப் பாட்டு, வேதாகமக் கதைப்பாட்டு, பள்ளி எழுப்பிய வரலாற்றுப் பாட்டு, ஜோசப் ரப்பானைப் போற்றும் பாட்டு எனப் பல. கையெழுத்து ஏடுகளில் தாய் எழுதியதை மகள் படியெடுத்துக் காத்தாள். பெண்கள் ஆடவர்முன் பாடுவதைப் பல யூதச் சமூகங்கள் விலக்கியிருக்க, கொச்சியில் திருமண வீடுகளில் பெண்களின் குரலே ஓங்கியது. 1951இல் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்த ரூபி, அப்பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தும் தம் வாழ்வை நூலாக்கியும் வைத்தார். முன்கூடத்துத் தரையில் அமர்த்தப்பட்ட குடும்பத்தின் மகள்தான் பள்ளியின் நினைவை உலகுக்குக் கொடுத்தாள். நாட்டார் பாடல்களைத் தொகுப்போர்க்கு இதில் வேறு விளக்கம் தேவையில்லை.

சென்னைக்கும் இக்கதையில் ஒரு பங்குண்டு. 17ஆம் நூற்றாண்டில் லண்டனிலிருந்து போர்ச்சுகீசிய யூதர் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வந்தனர். மத்தியதரைக்கடல் பவழத்தைக் கொணர்ந்து விற்றுக் கோல்கொண்டா வைரத்தை வாங்கி அனுப்பினர். 1688இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது அதன் பன்னிரு மன்ற உறுப்பினருள் யூத வணிகர் மூவர். பவழக்காரத் தெரு இன்றும் ஜார்ஜ் டவுனில் இருக்கிறது, பவழக்காரர்தாம் இல்லை. அவர்தம் கல்லறைகள் சில லாயிட்ஸ் சாலை இடுகாட்டுக்கு இடம்பெயர்ந்து எஞ்சியுள்ளன. கொச்சியார் மொழியில் கலந்தனர், பாட்டில் கலந்தனர். சென்னை வணிகரோ ஒரு தெருப்பெயரோடு நின்றுவிட்டனர்.

கொச்சியில் 1948 வாக்கில் சுமார் 2,400 யூதர் வாழ்ந்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் புறப்பட்டனர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை என்பதை அவர்களே நன்றியோடு சொல்வர். 1968இல் பள்ளியின் நானூறாம் ஆண்டு விழாவில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டார், அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. அதன்பின் எண்ணிக்கை இறங்குமுகந்தான். கூட்டு வழிபாட்டுக்கு வயதுவந்த ஆடவர் பதின்மர் வேண்டும் என்பது யூத நெறி. அப்பதின்மர்க்கு வெளியூரிலிருந்து வருவோரை எதிர்பார்க்கும் நிலை வந்தது. 2024 ஆகஸ்டில் குயினி ஹலேகுவா மறைந்தபின், மட்டாஞ்சேரியில் பரதேசி யூதர் ஒருவரே எஞ்சினார் என்று செய்தித்தாள்கள் எழுதின.

கட்டடத்துக்கு இன்று குறையில்லை. சுற்றுலாப் பயணிகள் சீட்டு வாங்கிக்கொண்டு ஓடுகளையும் விளக்குகளையும் கண்டு செல்கின்றனர். குறை வேறிடத்தில் உள்ளது. பாடல்களை அறிந்த பெண்கள் முதுமையடைந்து ஒவ்வொருவராய் மறைகின்றனர்; அவர்கள் பேரப்பிள்ளைகள் பேசுவது எபிரேயம். செப்பேட்டைப் படிக்க வல்லோரும் நம்மிடையே குறைந்துவருகின்றனர். செப்பேடு யாருடைய மரபு என்று தமிழரும் மலையாளிகளும் வழக்காடுவதை விடுத்து, அதைப் படிக்கத் தெரிந்த நாலு மாணவர்களை உருவாக்கினால் நலம். அடுத்த கல்வியாண்டில் மதுராந்தகத்து வகுப்பறையில், சோழர் மெய்க்கீர்த்தியை அடுத்து, இசுப்பு இரப்பானின் சாசனத்தையும் பாடமாக வைக்க எண்ணியுள்ளோம்.