பத்துப் பேர் ஆடிய ஆட்டம்

விளையாடுகிறவனுக்குக் கூலி கொடுக்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வியால் ஒரு விளையாட்டே இரண்டாகப் பிளந்த கதை இங்கிலாந்தில் உண்டு. வடக்கே சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள் ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடு செய்யவேண்டும் என்று கிளப்புகள் கேட்டன. தெற்கத்திக் கனவான்கள் முகம் சுளித்தார்கள். பசி அறியாதவனுக்குப் பணம் அசிங்கமாகத்தான் தோன்றும்! 1895 ஆகஸ்டில், ஹடர்ஸ்பீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் கூடிய வடக்கத்திக் கிளப்புகள் தனிக்குடித்தனம் போயின. ரக்பி லீக் பிறந்தது.

1906-இல் அந்த ஹடர்ஸ்பீல்டு கிளப்புக்காக ஆட வந்தான், பக்கத்து ஹோம்பர்த் ஊர்ப் பையன் ஹெரால்டு வாக்ஸ்டாப். அப்போது வயது பதினைந்து. பதினேழில் இங்கிலாந்துக்கே ஆடினான். 1914-இல் ஆஸ்திரேலியா சென்ற பிரிட்டிஷ் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். இருபத்து மூன்று வயது.

அங்கே எட்டே நாளில் மூன்று டெஸ்ட் பந்தயங்கள். ஆளுக்கொன்று ஜெயித்திருந்தார்கள். அடிபட்டவர்கள் பலர், மூன்றாவதைத் தள்ளி வைக்கும்படி கேட்டார்கள். தாய்நாட்டுச் சங்கத்திலிருந்து தந்தி வந்தது: ஆடியே தீரவேண்டும்.

ஜூலை 4, சிட்னி மைதானம். ஒவ்வொருவராக மூன்று பேர் காயப்பட்டு வெளியேறினார்கள். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் அந்நாளில் கிடையாது. டக்ளஸ் கிளார்க் மல்யுத்தக்காரர், மலை போன்ற மனிதர். காறை எலும்பு முறிந்து, கண்ணீரோடு போனாராம். பதிமூன்று பேருக்கெதிரே பத்துப் பேர். அந்த நிலையில் வாக்ஸ்டாப் எதிரிகளைக் கிழித்துக்கொண்டு ஓடி, ஜான்ஸன் கையில் பந்தைக் கொடுத்தார். ஜான்ஸன் முன்வரிசை ஆள், ஓட்டக்காரரே அல்ல. பந்தைக் கீழே போட்டுக் காலால் தட்டித் தட்டியே கொண்டுபோய்க் கோட்டைத் தாண்டிவிட்டார்! முடிவு, 14-க்கு 6, பிரிட்டனுக்கு வெற்றி.

அந்தப் பந்தயத்துக்கு ‘ரோர்க்ஸ் டிரிப்ட்’ என்று பெயர் வைத்தார்கள். 1879-இல் ஜூலு மக்களை ஆங்கிலேயச் சிறுபடை எதிர்த்து நின்ற இடம் அது. எனக்கு இந்த உவமை பிடிக்கவில்லை. ஜூலுக்களின் சொந்த மண் மீதே படையெடுத்துப் போனவர்களின் கதை அது. ஆலைத் தொழிலாளிகளின் ஆட்டத்துக்கு அந்தப் பட்டம் எதற்கு?

சரியாக ஒரு மாதத்தில் யுத்தம் மூண்டது. வாக்ஸ்டாப் தலைமையில் ஹடர்ஸ்பீல்டு அந்த 1914-15 பருவத்தில் நான்கு கோப்பைகளையும் வென்றது. பிறகு அவரும் பட்டாளத்துக்குப் போய் எகிப்து வரை சென்றார். திரும்பி வந்து, 1920-இல் மறுபடியும் தலைவராக ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார். 1939 ஜூலையில், இன்னொரு யுத்தம் வெடிக்க ஆறு வாரம் இருக்கையில், காலமானார். அப்போது வயது நாற்பத்தெட்டுதான்.