எழுவான்கரைக் கசடும் படுவான்கரை வயலும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்கே எழுவான்கரை. மேற்கே வயல் சூழ்ந்த படுவான்கரை. மணற்பாங்கான எழுவான்கரையிலே குடியடர்த்தி மிகுதி. நிலத்தடி நீரோ ஆழமற்றது. மலக்குழியும் கிணறும் ஒரே வளவினுள் அமைந்தமை காலப்போக்கிற் கேடாயிற்று. குழியினின்று அள்ளப்படும் கசடு எங்கே போய்ச் சேர்வது?

1914இல் மான்செஸ்டரிலே ஆடேன், லொக்கெற் என்னும் இருவர் கழிவுநீருக்குக் காற்றூட்டித் தூய்மையாக்கும் முறையை வெளியிட்டனர். அவ்வாறு படிந்த சேற்றை உலர்த்தி 1926 முதல் மில்வாக்கி நகரம் உரமாக விற்றது. சீனத்து உழவருக்கோ மலத்தை எருவாக்குதல் புதிதன்று. எனினும் ஆலைக் கழிவு கலந்தால் சேறு நஞ்சாகும். நெடுநாள் அழியா இரசாயனங்கள் கண்டறியப்பட்டமையால், 2022இல் அமெரிக்காவின் மெயின் மாநிலம் அதனை நிலத்திலிடுதலைத் தடைசெய்தது. ஆலைகள் அருகிய எழுவான்கரையில் வீட்டுக் கசட்டுக்கு அவ்வச்சம் குறைவு. அங்கே பகை குடற்புழு முட்டையே. வைக்கோலும் மக்கும் குப்பையும் கூட்டிக் குவித்து, 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையிற் பல நாள் கிளறி வைத்தால் அம்முட்டைகள் மடியும். இதனைச் செய்தற்குப் பேரியந்திரம் வேண்டியதில்லை. இடமும் பொறுமையும் கண்காணிப்பும் வேண்டும்.

2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதிக்கு அரசு தடை விதித்தது, நவம்பரிலே தளர்த்திற்று. இடையிலே பெரும்போகம் வந்தது. படுவான்கரை உழவர் பசளைக்கு அலைந்தனர். வாவியின் மறுகரையிலே மலக்குழிகள் நிறைந்தே இருந்தன.