எழுத்து நாகரிகத்தின் ஏணிப்படியா? மாயா, அஸ்டெக், இன்கா: மூன்று சமூகங்கள், மூன்று பதிவுமுறைகள்

மாயா, அஸ்டெக், இன்கா என்னும் மூன்று பெயர்களும் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. மூன்றும் ஒரே காலத்தவை, ஒரே நிலத்தவை என்ற எண்ணம் மாணவரிடம் தங்கிவிடுகிறது. மாயா நகரங்களின் செவ்வியல் காலம் பொ.ஆ. 250 முதல் 900 வரை. இங்கே குப்தரும் பல்லவரும் ஆண்ட காலத்தை ஒட்டியது. அஸ்டெக்கர் எனப்படும் மெஷிகா மக்கள் டெனோச்டிட்லான் நகரை நிறுவியது, மரபுவழிக் கணக்கின்படி, 1325இல். விசயநகரம் தோன்றியதாகக் கொள்ளப்படும் 1336க்குச் சற்று முன்னர். இன்கா அரசு 1438 அளவில் விரியத் தொடங்கி 1532இல் ஸ்பானியர் வருகையோடு சிதைந்தது. கிருஷ்ணதேவராயரும் இரண்டாம் மொக்டெசுமாவும் சமகாலத்து மன்னர்கள். பின்னிரண்டு அரசுகளையும் 'பண்டைய' என்று அழைப்பதே காலக்கணக்கோடு பொருந்தாது.

ஆயினும் இம்மூன்றையும் அருகருகே வைத்து ஆராய்வதில் ஒரு பயன் உண்டு. தொடக்கச் சமூகங்கள் எவ்வாறு வளர்ந்தன என்ற கேள்விக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விடையை இவை சோதனைக்கு உட்படுத்துகின்றன. எழுத்து என்பது நாகரிக வளர்ச்சியில் ஏறியே ஆகவேண்டிய படி என்பது அவ்விடையின் ஒரு பகுதி.

இக்கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. லூயிஸ் ஹென்றி மார்கன் 1877இல் வெளியிட்ட 'பண்டைய சமூகம்' என்ற நூலில் மனிதகுல வரலாற்றைக் காட்டுமிராண்டி நிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை எனப் பகுத்தார். ஒலியெழுத்தின் பயன்பாட்டோடு நாகரிக நிலை தொடங்குவதாக வரையறுத்த அவர், மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, பெரு ஆகிய நிலங்களின் மக்களை அநாகரிகத்தின் இடைநிலையில் வைத்தார். எங்கெல்ஸ் வழியாக இப்பகுப்பு உலகெங்கும் பரவியது. கார்டன் சைல்டு 1950இல் எழுதிய 'நகரப் புரட்சி' கட்டுரையிலும் நகர்ச் சமூகத்தின் பத்து அடையாளங்களுள் எழுத்தும் ஒன்றாக இடம்பெற்றது. இன்றைய பாடநூல்கள் பலவும் இப்பட்டியலின் வழித்தோன்றல்களே.

இப்பட்டியலை இம்மூன்று சமூகங்களோடும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் மாயா. கொலம்பசுக்கு முந்தைய அமெரிக்காவில் பேச்சுமொழியை முழுமையாகப் பதிவு செய்யவல்ல எழுத்துமுறையைச் செம்மையாக வளர்த்தவர்கள் இவர்கள். சொற்குறிகளும் அசைக்குறிகளும் கலந்த முறை அது. அம்முறையை நாம் இன்று படிக்க முடிவதற்கும், அதில் எழுதப்பட்ட நூல்கள் ஏறத்தாழ முற்றாக அழிந்ததற்கும் ஒரே மனிதர் காரணமானார் என்பது வரலாற்றின் முரண். பிரான்சிஸ்கன் துறவி தியேகோ தே லாண்டா 1562 சூலையில் யுகாத்தானின் மானி நகரில் மாயா ஏடுகளைத் தீயிலிட்டார். அவரே பின்னர் எழுதிய யுகாத்தான் வரலாற்றில் மாயா 'நெடுங்கணக்கு' ஒன்றையும் குறித்துவைத்தார்.

அந்நெடுங்கணக்கு பிழையான கேள்வியிலிருந்து பிறந்தது. மாயா எழுத்தர் ஒருவரிடம் லாண்டா ஸ்பானிய எழுத்துகளின் பெயர்களை உச்சரித்து அவற்றுக்கான குறிகளைக் கேட்டார். 'பே' என்ற ஒலியைக் கேட்ட எழுத்தர், 'பே' என்ற அசைக்குரிய குறியை எழுதினார். லாண்டா அதை 'ப்' என்ற மெய்யெழுத்தாகக் கருதிக்கொண்டார். அதே பகுதியில் காட்டுத் தொடர் ஒன்றும் உள்ளது: 'மா இன் காத்தி'. 'எனக்கு விருப்பமில்லை' என்பது அதன் பொருள். களப்பணி செய்த மொழியியலாளர் எவரும் இத்தொடரைப் புன்னகையின்றிக் கடக்க முடியாது.

1952இல் சோவியத் அறிஞர் யூரி குனோரசோவ் இக்குறிப்பை எழுத்துப் பட்டியலாகக் கொள்ளாமல் அசைப் பட்டியலாக வாசித்தார். திறவுகோல் கிடைத்தது. மாயா எழுத்து ஒலிசார்ந்தது என்பதை அக்காலத்தின் முன்னணி அறிஞர் எரிக் தாம்சன் இறுதிவரை ஏற்கவில்லை. 1960இல் தாத்தியானா புரோஸ்கூரியாகோவ், பியெத்ராஸ் நெக்ராஸ் கல்வெட்டுகளில் இருப்பவை மன்னர்களின் பிறப்பு, முடிசூட்டு, இறப்பு முதலியவற்றின் நாள்கள் எனக் காட்டினார். நாள்களையும் விண்மீன்களையும் மட்டுமே எண்ணிய அமைதியான பூசாரிகளின் சமூகம் என்ற பழைய சித்திரம் அதனோடு குலைந்தது. டிக்கால், கலாக்முல் முதலிய நகர அரசுகள் தம்முள் பொருதியதையும், மணவுறவு கொண்டதையும், வென்றதைக் கல்லில் பறைசாற்றியதையும் இன்று அவர்களின் சொற்களிலேயே படிக்கிறோம்.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்று. இவ்வளவு முழுமையான எழுத்தைக் கொண்டிருந்த மாயர் ஒருபோதும் ஒற்றைப் பேரரசை அமைக்கவில்லை. போட்டியிட்ட பல அரசவைகள் தத்தம் மன்னரின் பெயரையும் குலத்தையும் நாளையும் நிலைநிறுத்த விரும்பின. அத்தேவைக்கு ஒலியைப் பதியும் எழுத்து மிகவும் பொருந்தியது.

அஸ்டெக்கரின் தேவை வேறு. 1428இல் டெனோச்டிட்லான், டெஸ்கோகோ, ட்லாகோபான் என்னும் மூன்று நகரங்கள் அமைத்த கூட்டணி, பல மொழிகள் பேசும் நிலங்களிலிருந்து திறை பெற்றது. ஏறத்தாழ 1541இல் வரையப்பட்ட மெண்டோசா சுவடியில் அத்திறையின் கணக்கைக் காணலாம். எண்ணிக்கை இருபதின் அடுக்குகளில் அமைந்தது: கொடி 20, மயிர்க்கற்றை போன்ற குறி 400, பை 8000. பண்டத்தின் ஓவியத்தோடு இக்குறிகளை இணைத்தால், நஹுவாட்ல் மொழி அறியாத ஊர்த்தலைவரும் தாம் செலுத்தவேண்டியதை அறியலாம். ஊர்ப்பெயர் போன்ற இடங்களில் மட்டும் ஒலி நுழைகிறது. 'ட்லான்' என்ற இடப்பெயர் விகுதியைக் குறிக்கப் பற்களை வரைந்தார்கள். ஏனெனில் அம்மொழியில் பல்லுக்கு 'ட்லான்ட்லி' என்று பெயர். ஒலியெழுத்தின் நுட்பம் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. வேண்டிய இடத்தில் வேண்டிய அளவுக்கு அதைப் பயன்படுத்தினார்கள்.

பதிவுகளின் அரசியலையும் அவர்கள் அறிந்திருந்தனர். கூட்டணியை நிறுவிய மன்னர் இட்ஸ்கோவாட்ல் பழைய வரலாற்றுச் சுவடிகளை எரிக்கச் செய்தார் என்று சாகுன் தொகுத்த நஹுவாட்ல் வாய்மொழிச் சான்றுகள் கூறுகின்றன. ஏடெரிப்பு ஐரோப்பியரோடு மட்டும் வந்த வழக்கம் அன்று.

இறுதியாக இன்கா. இன்றைய கொலம்பியாவின் தென்பகுதியிலிருந்து சிலியின் நடுப்பகுதிவரை பரந்த இப்பேரரசே அன்றைய அமெரிக்காவில் மிகப் பெரியது. யுனெஸ்கோ 2014இல் உலக மரபுச் சின்னமாக ஏற்ற ஆண்டீஸ் சாலைத் தொகுதியின் நீளம் மட்டும் ஏறத்தாழ 30,000 கிலோமீட்டர். வுவானுகோ பம்பா என்ற ஒரே நிருவாக நகரில் ஏறத்தாழ 500 சேமிப்புக் கிடங்குகள் இருந்தன. இவ்வளவும் ஏட்டில் எழுதும் எழுத்து இல்லாமல் இயங்கியது.

அவர்களிடம் இருந்தது கிப்பு எனப்படும் முடிச்சுக் கயிறு. ஒரு முதன்மைக் கயிற்றிலிருந்து பல கயிறுகள் தொங்கும். அதன் எண்முறை பதின்மானம் என்பதை லேலண்டு லாக் 1912இல் நிறுவினார். 243 என்ற எண்ணைப் பதிய, மேலே நூறின் இடத்தில் இரண்டு தனி முடிச்சுகள். நடுவில் பத்தின் இடத்தில் நான்கு. கீழே ஒன்றின் இடத்தில் மூன்று சுற்றுகள் கொண்ட நீள்முடிச்சு ஒன்று. முடிச்சில்லாத வெற்றிடம் சுழியத்தைக் குறிக்கும்.

இன்கா அரசு குடிகளிடம் முதன்மையாகக் கேட்டது உழைப்பை. 'மித்தா' எனப்பட்ட அம்முறையில் குடிகள் முறைவைத்துச் சாலையிலும் வயலிலும் படையிலும் பணியாற்றினர். எத்தனை குடிகள், எவர் முறை முடிந்தது, கிடங்கில் எவ்வளவு உள்ளது என்ற கணக்குகளே அந்த அரசின் உயிர்நாடி. அதற்குக் கிப்பு போதுமானதாக இருந்தது. அதன் நம்பகத்தன்மையைக் காலனி நீதிமன்றமே ஏற்றது: 1561இல் ஹவுஹா பள்ளத்தாக்கின் தலைவர்கள், தாங்கள் ஸ்பானியருக்கு 1533 முதல் வழங்கிய பொருள்களைக் கிப்புகளைக் கொண்டு லிமாவில் எண்ணிச் சொன்னார்கள். ஆனால் 1583இல் முடிந்த லிமாவின் மூன்றாம் திருச்சபை மன்றம், பழைய சமயத்தோடு தொடர்புடைய கிப்புகளை அழிக்க ஆணையிட்டது. எஞ்சியவற்றுள் எண்களை மட்டுமின்றிச் சொற்களையும் குறிப்பவை உண்டா என்பது இன்றும் விவாதப்பொருள். சபீன் ஹைலண்டு 2017இல் வெளியிட்ட, சான் ஹுவான் தே கோல்லாட்டா ஊரின் பிற்காலக் கிப்புகள் பற்றிய ஆய்வில், நார்வகை, நிறம், முறுக்குத்திசை ஆகியவற்றால் வேறுபடும் 95 குறிகளை இனங்கண்டு, அவை ஒலியைக் குறித்திருக்கலாம் என்று வாதிட்டார்.

ஆண்டீஸ் நிலத்தின் வரலாற்றில் இது புதுமையும் அன்று. பெருவின் கராலில், பொ.ஆ.மு. 2600ஐ ஒட்டியே, எழுத்தும் மட்பாண்டமும் இல்லாமல் பெருமேடைகளும் வட்டமன்றுகளும் எழுந்துவிட்டன.

ஆக, எழுத்து முழுமை பெற்ற இடத்தில் பேரரசு இல்லை. பேரரசு மிகப் பெரிதாக வளர்ந்த இடத்தில் ஏட்டெழுத்து இல்லை. ஒரே ஏணியில் மூவரையும் ஏற்றிப் படிகளை எண்ணினால் இவ்வுண்மை கண்ணுக்குப் படாது. ஒவ்வொரு சமூகமும் எதை நினைவில் வைத்தாகவேண்டியிருந்தது என்று கேட்டால், அவரவர் பதிவுமுறை பொருளுடையதாகிறது: மாயருக்கு அரசகுலத்தின் பெயரும் நாளும்; மெஷிகருக்கு மொழி கடந்த திறை; இன்காவினருக்கு உழைப்பின் எண்ணிக்கை.

மொழியியல் மாணவர்களுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று. ஒரு பழங்குடி மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் 'அதற்கு எழுத்து உண்டா?' என்று கேட்பதும், இல்லையெனில் அதைப் 'பேச்சுவழக்கு' என ஒதுக்குவதும் நம் நாட்டில் இன்றும் நடக்கிறது. அக்கேள்வியின் அடியில் 1877ஆம் ஆண்டின் ஏணி நிற்கிறது. அடுத்தமுறை தொடக்க நாகரிகங்களைக் கற்பிக்கும்போது, அடையாளப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதும் முன் ஒரு கிப்புவின் படத்தை மாணவர்முன் வையுங்கள். 'இதைப் படிக்கத் தெரியாதவர் யார்?' என்று கேளுங்கள். விவாதம் அங்கிருந்து தொடங்கட்டும்.