நிமோனியாவுக்கு ஒரு குதிரை ஊசி

கண்டாச்சிபுரம் பக்கம் வயலில் பாம்பு கடித்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் போடும் விஷமுறிவு ஊசி குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. நிமோனியாவுக்கும் ஒரு காலத்தில் குதிரை ஊசிதான் மருந்து என்பது பலருக்குத் தெரியாது.

1891-ல் ஜெர்மனியில் க்ளெம்பெரர் சகோதரர்கள், நிமோகாக்கஸ் கிருமியை எதிர்த்து நின்ற முயலின் சீரம் மற்ற முயல்களையும் காப்பாற்றுவதைக் கண்டார்கள். அந்த சீரத்தில் இருந்தது ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம். ஆனால் மனிதர்களிடம் அது சரியாகப் பலிக்கவில்லை. காரணம், இந்தக் கிருமியில் பல வகைகள். ஒரு வகைக்கான சீரம் இன்னொரு வகையிடம் தோற்றுவிடும், பூட்டு மாறிய சாவி மாதிரி!

1913-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் மருத்துவமனையில் ரூஃபஸ் கோல், வகை பார்த்து குதிரை சீரம் கொடுக்க ஆரம்பித்தார். நான்கில் ஒருவரைக் கொன்றுவந்த முதல் வகையில் சாவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இறங்கியது. சாதாரண விஷயமா? ஆனால் வகை தெரிய நோயாளியின் சளியை எலிக்குச் செலுத்தி மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் நோய் முற்றிவிடும். பிழைத்தவர்களிலும் பலருக்குச் சில நாள் கழித்து குதிரைப் புரதத்தால் காய்ச்சல், தடிப்பு, மூட்டு வலி.

1938-ல் சல்ஃபாபிரிடின் மாத்திரை வந்தது. லாயம் வேண்டாம், எலி வேண்டாம், வகையும் பார்க்க வேண்டாம். பின்னாலேயே பென்சிலினும் வந்தது. சீரம் தோற்றது பலனில் அல்ல, செலவிலும் சிரமத்திலும்தான்.

அன்று பிரித்து வைத்த வகைகள் மட்டும் வீணாகவில்லை. 2021 முதல் தமிழகத்தில் குழந்தைகளுக்கு 6 வாரம், 14 வாரம், 9 மாதத்தில் இலவசமாகப் போடப்படும் நிமோகாக்கல் தடுப்பூசி அந்த வகைகளைப் பார்த்துத்தான் தயாராகிறது.